பிளஸ் ஒன் சேர்ந்த அன்று ஜன்னலில் நான் கேட்காமல் விட்டவை

மாமா மகன் இந்த வருஷம் பத்தாவது முடிக்கிறான். அவனையும் தஞ்சாவூரில் நான் படித்த பள்ளியிலேயே பிளஸ் ஒன் சேர்க்கலாமா என்று அத்தை போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறார். ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்றைச் சொல்ல மறந்துவிடுகிறேன். அதனால் முழுவதையும் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எனக்கு அன்று இதைச் சொல்ல ஆள் இல்லை. எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான்.

2018 மே கடைசி வாரம். ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாவதில் 441 மார்க். பேராவூரணிப் பக்கத்திலிருந்து நானும் அப்பாவும் காலை முதல் பஸ்ஸில் கிளம்பி, அந்தக் கத்தோலிக்க ஆண்கள் மேல்நிலைப் பள்ளியின் அலுவலக ஜன்னல் முன்னால் வரிசையில் நின்றோம். எங்கள் முறை வந்ததும் கிளார்க், "என்னங்க, எந்த மீடியம்?" என்றார். அப்பா என்னைப் பார்த்தார். எனக்கு முன்னால் நின்ற பையன் இங்கிலீஷ் என்று சொல்லியிருந்தான். நானும் "இங்கிலீஷ்" என்றேன். "அது சுயநிதிப் பிரிவு. வருஷத்துக்கு 22,000. பாதி இப்ப, பாதி டிசம்பர்ல. ஹாஸ்டல் தனி, மாசம் 3,000" என்றார். அப்பா சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்து இரண்டு தடவை எண்ணினார். அம்மாவின் சங்கிலியைக் கூட்டுறவுச் சங்கத்தில் அடகு வைத்து வந்த பணம் அது. எல்லாம் சேர்த்துப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. என் அடுத்த இரண்டு வருஷமும் அதற்குப் பிறகு வந்த சில விஷயங்களும் அந்தப் பத்து நிமிஷத்தில் முடிவாகிவிட்டன.

சுயநிதி என்றால் என்ன என்று அப்பாவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே காம்பவுண்டு, ஒரே யூனிஃபார்ம், ஒரே பிரேயர். உள்ளே இரண்டு பள்ளிக்கூடம். அரசு உதவிபெறும் பிரிவில் ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்துடையது, புத்தகம் இலவசம், பிளஸ் ஒன் பையன்களுக்குச் சைக்கிள் உண்டு. சுயநிதிப் பிரிவில் சம்பளம் நிர்வாகத்துடையது, அதாவது நாங்கள் கட்டும் பணம். சைக்கிள் கொடுத்த அன்று நாங்கள் மாடி வராந்தாவில் நின்று பார்த்தோம். கீழே என் ஊர்க்காரப் பையன் ஒருவன் புது சைக்கிளின் மணியை அடித்துக்கொண்டே போனான். அவன் தமிழ் வழி. என்னைவிட மார்க் குறைவு. ஃபீஸ் என்று அவன் கட்டியது பெயரளவுக்குத்தான். ஆகவே முதல் விஷயம்: ஜன்னலில் பணம் கொடுப்பதற்கு முன் "இது உதவிபெறும் பிரிவா, சுயநிதிப் பிரிவா" என்று வாய்விட்டுக் கேளுங்கள். பள்ளியின் பெயருக்கு முன்னால் அரசு உதவிபெறும் என்று போர்டில் எழுதியிருப்பது உங்கள் பையன் உட்காரப்போகும் வகுப்புக்குப் பொருந்தாமல் போகலாம். எந்தக் கணக்கில் எவ்வளவு என்று பிரித்து எழுதிய ரசீதையும் அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு இதே முடிவை எடுப்பவர்களுக்கு இழப்பு இன்னும் பெரியது. ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. பொறியியல், வேளாண்மை போன்ற படிப்புகளுக்கு 2021-இல் வந்தது. உதவிபெறும் பள்ளி அதில் சேராது. பத்தாவது வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டு "நல்ல ஸ்கூல்" என்று இரண்டு வருஷத்துக்கு மாறினால் அந்த ஏழு வருஷக் கணக்கு அறுந்துபோகும். தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் 2024 முதல் கொடுக்கிறார்கள். அது அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கும், உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும். என் சொந்த இழப்பு வேறு. நான் இப்போது குரூப் தேர்வுகள் எழுதிக்கொண்டிருக்கிறேன். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை உண்டு. கல்லூரியில் மட்டும் தமிழ் வழி என்றால் போதாது, பள்ளிப் படிப்பும் தமிழ் வழியாக இருக்க வேண்டும் என்று 2020-இல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். பத்து வருஷம் தமிழ் வழி, நடுவில் இரண்டு வருஷம் இங்கிலீஷ், அதன்பின் கல்லூரியில் மறுபடி தமிழ் வழி. விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தில் "இல்லை" என்று அமுக்கும் ஒவ்வொரு முறையும் ஜன்னலில் நின்ற அந்தக் காலை நினைவுக்கு வரும்.

ஹாஸ்டல் பற்றி நிறையப் பேர் பயமுறுத்தினார்கள். அப்பாயி, "வேதத்துல சேத்துடுவாங்க, பாத்துக்க" என்றார். மதம் மாறச் சொல்லி யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கத்தோலிக்கப் பையன்களுக்கு மறைக்கல்வி வகுப்பு நடக்கும்போது எங்களுக்கு நன்னெறி வகுப்பு. முதல் வெள்ளித் திருப்பலிக்கு அவர்கள் கோயிலுக்குப் போவார்கள், நாங்கள் ஸ்டடி ஹாலில் இருப்போம். காலை ஐந்துக்கு மணி, ஐந்தரைக்குப் படிப்பு, இரவு ஒன்பதரைக்கு விளக்கணைப்பு. கஷ்டமாக இருந்தது அந்த மணி இல்லை. வகுப்பில் ஐம்பத்தெட்டுப் பையன்களில் நாற்பது பேர் ஆறாவதிலிருந்து அங்கேயே படித்தவர்கள். எந்த சார் எதைக் கேட்பார், யாரிடம் எப்படிப் பேசினால் காரியம் நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்த பதினெட்டுப் பேரும் கடைசி மூன்று பெஞ்சில். இயற்பியல் சார் இங்கிலீஷில் வேகமாகச் சொல்லிக்கொண்டே போவார். "புரியுதா?" என்று கேட்டால் முன் பெஞ்சு "எஸ் சார்" என்னும். நாங்களும் சேர்ந்து சொல்வோம். அந்த "எஸ் சார்" எனக்கு ஆறு மாதத்தைத் தின்றது.

அந்த வருஷம்தான் பிளஸ் ஒன்னுக்குப் புதுப் பாடத்திட்டம் வந்தது. கனமான புதுப் புத்தகம், பக்கத்துக்குப் பக்கம் க்யூஆர் கோடு. போன் வைத்துக்கொள்ளக் கூடாத ஹாஸ்டலில் அந்தக் கோட்டை வைத்து என்ன செய்வது? ஊரில் ஒரு அண்ணனிடம் அவருடைய கைடு, நோட்டு எல்லாவற்றையும் 600 ரூபாய் கொடுத்து வாங்கி, தகரப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு போயிருந்தேன். முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது, அதில் பாதிக்குமேல் பிரயோஜனம் இல்லை. எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மார்க் என்று சொல்லும் புளூபிரிண்டும் கிடையாது, பாடத்துக்கு உள்ளேயிருந்து எங்கே வேண்டுமானாலும் கேள்வி வரும் என்றார்கள். புக் பேக் கேள்விகளை உருப்போட்டு 441 வாங்கி வந்தவன் நான். காலாண்டில் கணக்கில் 22.

அதே சமயம் செப்டம்பரில், கல்லூரிச் சேர்க்கைக்கு பிளஸ் ஒன் மார்க் தேவையில்லை, பிளஸ் டூ மார்க் மட்டும் போதும் என்று அரசு அறிவித்தது. வகுப்பில் பாதிப் பேருக்கு அன்று தீபாவளி. எனக்கும் உள்ளுக்குள் நிம்மதிதான், இனி தோற்றாலும் பெரிதாக ஒன்றுமில்லை என்று. அந்த நிம்மதிதான் தப்பு. பிளஸ் ஒன்னில் வகைநுண்கணிதம் தெரியாதவன் பிளஸ் டூவில் தொகைநுண்கணிதத்தைத் தொட முடியாது. பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தைத் தள்ளிவிட்டு நேராக பிளஸ் டூ நடத்தியதால்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வே கொண்டுவந்தார்கள். போதாதற்கு 2021-இல் கொரோனாவால் பிளஸ் டூ தேர்வு நடக்காதபோது மதிப்பெண்ணில் 20 சதவீதம் பிளஸ் ஒன்னிலிருந்துதான் எடுத்தார்கள். "தேவையில்லாத மார்க்" என்று விட்டவர்கள் அன்று கையைப் பிசைந்தார்கள். இப்போது 2025-26 முதல் அந்தப் பொதுத்தேர்வை எடுத்துவிட்டார்கள். பையன்கள் மேல் இருந்த பாரம் குறைந்தது எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் பெற்றோர் ஆகஸ்ட் மாதம் ஒருமுறை நோட்டைப் புரட்டி, பிளஸ் ஒன் பாடம் நடக்கிறதா, பிளஸ் டூ பாடம் நடக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். நீட், ஜேஇஇ இரண்டிலும் பிளஸ் ஒன் பாடமும் உண்டு.

நவம்பர் 15 ராத்திரி கஜா புயல் வந்தது. தஞ்சாவூரில் காற்றும் மழையும்தான், ஹாஸ்டல் வேப்பமரத்தின் ஒரு பெரிய கிளை முறிந்து கிணற்று மேடையில் கிடந்தது. காலையில் வார்டன் ஃபாதர் அறையில் ரேடியோவைச் சுற்றி நின்றோம். வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவில் கரையைக் கடந்தது, பட்டுக்கோட்டை, பேராவூரணி பலத்த சேதம் என்று சொன்னார்கள். ஊருக்குப் போன் போகவில்லை. அன்றும் போகவில்லை, மறுநாளும் போகவில்லை. எனக்கு அப்பா நம்பர் ஒன்றுதான் மனப்பாடம். ஹாஸ்டலில் விடுபவர்களுக்குச் சொல்கிறேன்: வெவ்வேறு ஊரில் இருக்கும் நான்கு சொந்தக்காரர் நம்பராவது ஒரு தாளில் எழுதிப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டி அனுப்புங்கள். என் பெரியம்மா திருச்சியில் இருந்தார். எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள் என்ற சேதி முதல் நாளே அவருக்குப் போய்விட்டது. எனக்கு அவர் நம்பர் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை ஃபாதர் எங்கள் பக்கத்துப் பையன்கள் நான்கு பேருக்கு ஆளுக்கு 300 ரூபாயும் மெழுகுவர்த்திக் கட்டும் கொடுத்து, "போய்ப் பாத்துட்டு வாங்க தம்பி" என்று அனுப்பினார். பஸ் ஒரத்தநாடு வரைதான். அங்கிருந்து மரம் அறுக்க ஆட்களை ஏற்றிப்போன லாரியில் பட்டுக்கோட்டை, பிறகு நடையும் யார் யாரோ ஏற்றிக்கொண்ட பைக்கும். ஊர் எல்லையில் நின்றபோது எனக்குத் திசையே தெரியவில்லை. ஊரை மூடிக்கொண்டிருந்த தோப்பு இல்லாததால் ஒரு மைல் தள்ளியிருந்த கோயில் கோபுரம் பக்கத்தில் தெரிந்தது. தென்னைகள் எல்லாம் ஒரே பக்கம் தலை வைத்துப் படுத்திருந்தன, வரிசை கலையாமல். வேரோடு புரண்ட குழிகளில் தண்ணீர் நின்றது, அதில் இளநீர்க் குலைகள் மிதந்தன. எங்களிடம் 84 மரம். 71 போய்விட்டது. அப்பா ஒரு மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "சாப்டியா தம்பி?" என்றார். வேறெதுவும் பேசவில்லை.

விழுந்த மரத்துக்கு 600, வெட்டி அகற்ற 500, ஆக மரத்துக்கு 1,100 ரூபாய் என்று பிறகு அறிவித்தார்கள். காய்க்க ஆரம்பித்து முப்பது வருஷமான மரத்துக்கு அந்தக் கணக்கு எதுவுமே இல்லை. ஆனால் அந்தப் பணமும் உடனே வரவில்லை. நான் மூன்று வாரம் அங்கேயே இருந்துவிட்டேன், மட்டை இழுக்க, ஓடு எடுக்க, நிவாரண வரிசையில் நிற்க. ஓட்டு வீட்டில் பீரோவுக்குள் தண்ணீர் போய் என் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்று எல்லாம் ஒட்டிப்போயிருந்தன. இ-சேவையில் வாங்கியது என்பதால் திரும்ப எடுக்க முடிந்தது. பத்தாவது மார்க் ஷீட் பள்ளி அலுவலகத்தில் இருந்ததால் பிழைத்தது. எல்லாவற்றையும் போட்டோ எடுத்து இரண்டு பேர் போனிலாவது வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பிப் போனபோது நான் செய்தது அந்த வருஷத்தின் ஆகப்பெரிய தவறு. டிசம்பரில் ஒரு நாள் காலை அசெம்பிளியில் ஹெச்.எம். ஃபாதர், "புயலால பாதிக்கப்பட்ட பசங்க கை தூக்குங்க, பேர் எழுதிக்கணும்" என்றார். என் கை தூக்கவில்லை. பக்கத்தில் நின்ற உள்ளூர்ப் பையன்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்று கூச்சம். நாங்கள் பிச்சைக்காரர்கள் இல்லை என்று ஒரு எண்ணமும். பதினான்கு பேர் தூக்கினார்கள். அவர்களுக்கு இரண்டாம் தவணையை முழுக்கத் தள்ளுபடி செய்தார்கள் என்பது எனக்குப் பிப்ரவரியில்தான் தெரியும். அதற்குள் அப்பா வட்டிக்கு வாங்கி 11,000-ஐக் கட்டிவிட்டிருந்தார். மரத்துக்கு 1,100 என்ற கணக்கில் பத்து மரம். இப்படிப்பட்ட பள்ளிகளில் கட்டணச் சலுகைக்கு வழி இருக்கிறது. ஆனால் அது நோட்டீஸ் போர்டில் வராது, கேட்பவனுக்குத்தான் கிடைக்கும். கையைத் தூக்க முடியாத பையன் என்றால் பெற்றோர் ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, வார்டனிடமோ ஹெச்.எம்.மிடமோ தனியாகக் கொடுத்துவிடுங்கள். ஃபாதர்கள் கடுமையாகப் பேசினாலும் அந்தக் கடிதத்தைப் படிப்பார்கள். என் அனுபவத்தில் அவர்கள் வாசலைத் தட்டியவர்கள் யாரும் வெறுங்கையோடு வரவில்லை. நான்தான் தட்டவில்லை.

அரையாண்டில் மூன்று பாடம் போயிற்று. அதற்கு முன்பே, காலாண்டு மார்க்கைப் பார்த்துப் பயந்து, பள்ளிக்கு எதிர்த்தெருவில் ஒரு டியூஷனில் 8,000 கட்டியிருந்தேன், மொத்தமாக முன்பணம். கஜாவுக்குப் பிறகு போக முடியவில்லை. பணத்தைக் கேட்டபோது "அது அட்மிஷன் ஃபீஸ் தம்பி" என்றார்கள். எந்த டியூஷனாக இருந்தாலும் மாதாமாதம் கட்டுங்கள்.

ஜனவரி 22-இல் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ ஜியோவின் வேலைநிறுத்தம் தொடங்கியது. உதவிபெறும் பிரிவு ஆசிரியர்கள் போராட்டத்தில். எங்களுக்கு நடத்தும் சுயநிதி ஆசிரியர்கள் மட்டும் வந்தார்கள். பாதி காலியான பள்ளியில் சத்தமே இல்லை. வேதியியல் சாருக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும், சொற்பச் சம்பளம், கும்பகோணத்திலிருந்து தினமும் பஸ். மதியம் லேபில் ரெக்கார்டு நோட்டை எழுதிக்கொண்டிருந்த என்னிடம் வந்து, "மோல் கான்செப்ட் புரியலதானே?" என்று தமிழில் கேட்டார். நான் வழக்கம்போல எஸ் சார் சொல்லப் போனேன். தொண்டை அடைத்துக்கொண்டது. "எதுவுமே புரியல சார்" என்றேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஒரு கவுளி வெத்தலைன்னா எத்தனை?" "நூறு சார்." "கொழுந்து வெத்தலையா இருந்தா?" "அதுவும் நூறுதான்." "எடை ஒண்ணா இருக்குமா?" "இருக்காது சார்." "அவ்வளவுதாண்டா மோல். எந்தப் பொருளா இருந்தாலும் எண்ணிக்கை 6.022 பெருக்கல் பத்தின் அடுக்கு 23. எடை மட்டும் மாறும்." ஆறு மாதமாக ஒரு எழுத்தும் ஏறாத பாடம் அந்த ஸ்டூலில் ஏறியது. அந்த ஒன்பது நாளும் மதியம் லேபில் உட்கார்ந்தோம். முதலில் நான் மட்டும், முடியும்போது கடைசி பெஞ்சு பதினோரு பேர். ஒரு பைசா வாங்கவில்லை. ஜூலையிலேயே இரண்டு பேர் தமிழ் வழிக்கு மாற்றிக்கொண்டு போனதையும் அவர்தான் சொன்னார். பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்பும் வரை மாற இடம் இருந்ததாம். மீடியம் மாறுவது தோல்வி இல்லை. முதல் மாதத் தேர்வைப் பார்த்துவிட்டுப் பையனோடு உட்கார்ந்து மறுபடி யோசியுங்கள்.

மார்ச்சில் தேர்வு தொடங்கிய வாரத்தில்தான், கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனும் வந்தது. நெற்றியில் சாம்பல் சிலுவையோடு கத்தோலிக்கப் பையன்களும், அம்மா கொடுத்தனுப்பிய விபூதியோடு நானும் ஒரே ஹாலில் எழுதினோம். அப்போது தேர்வு இரண்டரை மணி நேரம்தான், கணக்கில் கடைசி இரண்டு கேள்வியைத் தொடவே இல்லை. ரிசல்ட் மே மாதம் வந்தது. வேதியியல் 68. கணக்கு 31. நாலு மார்க்கில் போய்விட்டது.

ஊருக்குப் போய் அம்மாவிடம் சொல்ல இரண்டு நாள் ஆனது. அரையாண்டு மார்க்கையும் சேர்த்துச் சொன்னேன், அதை நான் மறைத்திருந்தேன். அம்மா எழுந்து போய் ரேஷன் கார்டு வைத்திருந்த பிளாஸ்டிக் பையை எடுத்து வந்தார். உள்ளே என் அரையாண்டு ரேங்க் கார்டு. பள்ளியிலிருந்து தபாலில் ஜனவரியிலேயே வந்திருக்கிறது. "பயந்து போயி இருப்பேன்னுதான் கேக்கல கண்ணு. அப்பாவுக்கும் தெரியும்." எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐந்து மாதம், அவர்கள் எனக்காகவும் நான் அவர்களுக்காகவும், எல்லாரும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறோம். அசெம்பிளியில் கேட்டதை ஒரு போன் அடித்துச் சொல்லியிருந்தால் அப்பா அந்த 11,000-க்காக யார் வீட்டுக்கும் போய் நின்றிருக்க மாட்டார்.

அப்பா குழியில் புதுத் தென்னங்கன்று வைத்துக்கொண்டிருந்தார். "ஜூன்ல மறுபடி எழுதலாமாம்பா" என்றேன். "எவ்வளவு கட்டணும்?" என்று கேட்டார். சொன்னேன். "இந்தத் தடவை எல்லாத்தையும் கேட்டுட்டு வா" என்று சொல்லிவிட்டு, மண்ணை மிதித்து இறுக்கினார். ஜூனில் 47 வாங்கினேன். மாமா மகனோடு மே மாதம் நானே தஞ்சாவூர் போகிறேன், கேள்விகளை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.